நல்ல நிலையில் உள்ள பியானோ

நம் வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் நலம் விசாரிப்பதில்லை. உறுப்பு உறுப்பாக விசாரிக்கிறோம். உங்களுக்கு முழங்கால் என்றால் எனக்கு வலது கை. மோதிர விரலும் சுண்டு விரலும் மழைக்காலத்தில் காலை ஒன்பது மணிக்கு முன் வேலைக்கு வருவதில்லை. போன மாதம் பிசியோதெரபி செய்கிற சின்னப் பெண் என் முன்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, டைப்பிஸ்டா இருந்தீங்களா?" என்று கேட்டாள். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன், டைப் அடிக்க வேறு ஆள் இருந்தார்கள் என்றேன்.

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

"பியானோ வாசிச்சு."

அவள் சிரித்துவிட்டாள். போர்ட் பிளேரில், அந்தக் காலத்தில், ஒரு குமாஸ்தா வீட்டுத் தமிழ்ப் பெண் பியானோ வாசித்துக் கையைக் கெடுத்துக்கொண்டாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். உங்களுக்கும் வந்திருக்கும். பரவாயில்லை. பென்ஷனுக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்கிற மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, நமக்கு வேறு அவசரமும் கிடையாது. சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. டெலானிபூர் மேட்டில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பள்ளிகளைக் கவனிக்கிற துறையில் பொருள்பிரிவுத் தலைமை எழுத்தர். தீவில் உள்ள அரசுப் பள்ளிகளின் பெஞ்சு, கரும்பலகை, பூகோள உருண்டை எல்லாவற்றையும் வருடம் ஒருமுறை நேரில் எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. என் பள்ளிக்கூட ஹாலில் ஒரு பியானோ இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் விட்டுப் போனது. அதைத் தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கே மனம் வரவில்லை என்பதிலிருந்து அதன் எடையை ஊகிக்கலாம். அப்பாவின் பதிவேட்டில் அது 'பியானோ, ஒன்று.'

கறையான் ஏறாமலிருக்க அதன் கால்கள் மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாக்களில் நின்றன. கடல் காற்றின் ஈரம் ஏறாமலிருக்க அடிப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு இரவும் பகலும் எரியவிட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்காலில் இளஞ்சூடு அடிக்கும். மண்ணெண்ணெய், பழைய கம்பளி, சூடான வார்னிஷ் மூன்றும் கலந்த வாசனை வரும். அந்த வாசனையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. ஒருமுறை இரண்டு கட்டைகளுக்கு நடுவிலிருந்து சாண் நீளப் பூரான் ஒன்று வெளியே வந்தது. கைகளை உயரத் தூக்கி வாசிக்க வேண்டும் என்று மியூசிக் டீச்சர் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்கு வசப்பட்டது.

அந்த டீச்சர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். எங்கள் ஊர்ப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கை ரவிக்கைதான் போடுவார். அவருடைய பாடமுறை இது: வாசிக்கும்போது புறங்கையின் மேல் ஒரு சோழியை வைப்பார். விரல்கள் மட்டும் சுத்தியல் மாதிரி ஏறி இறங்க வேண்டும், கை அசையக் கூடாது. சோழி விழுந்தால் முதலிலிருந்து. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் நானே பொறுக்கிக் கொடுத்த சோழி அது, பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. என்னைத் தண்டிக்கிற கருவியை நானே சப்ளை செய்திருக்கிறேன், டெண்டர்கூட இல்லாமல்.

அந்த வருடம் மழை முடிகிற சமயத்தில், குடியரசு தின விழாவில் நாற்பது பெண்கள் பாடுவதாகவும் நான் பியானோ வாசிப்பதாகவும் முடிவானது. தீவின் தலைமை அதிகாரி வந்து உட்காரப் போகிறார். அப்பா இதை ஆபீசில் யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. எல்லோரிடமும் சாதாரணமாகச் சொன்னார்.

அதே சமயத்தில்தான் அந்த பல்பும் போனது. மின்சாரம் வேறு துறை. ஒரு பல்பு கேட்டுத் தலைமையாசிரியை கடிதம் எழுதி, அது சரியான படிவத்தில் இல்லை என்று திரும்பி வந்து, மறுபடி போவதற்குள் ஏழு வாரம். கப்பல் தாமதமானால் பவர் ஹவுஸுக்கு டீசலும் தட்டுப்பாடாகும் காலம் அது என்பதால் ஒரு பல்பு எரியாததை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. ஏழு வார ஈரத்தில் பியானோவின் மரம் ஊறிப் புடைத்தது. சில கட்டைகளை முழுப் பலத்தோடு அமுக்கினால்தான் சத்தம் வரும். சில கட்டைகள் அமுங்கினால் எழுந்து வராது. அடுத்த சுரத்துக்குப் போவதற்குள் சுண்டு விரல் நகத்தால் நெம்பித் தூக்கிவிட வேண்டும். நான் அதையும் ஒரு வாசிப்பு முறையாகவே பழகிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு எது விதி, எது பழுது என்று தெரியாது.

முதலில் முன்கை களைத்தது. பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல் இருந்தது, பிழிந்து விடாமல் பிடித்தே வைத்திருப்பது போல. காலையில் எழுந்தால் கடைசி இரண்டு விரல்கள் மடங்காது. ஒருநாள் காபி டம்ளர் கையிலிருந்து தானாக இறங்கிப் போய்த் தரையில் உருண்டது. நான் கீழே போடவில்லை, பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரிடம் சொன்னேன். "வலிச்சாத்தான் விரல் பலப்படும்" என்றார். பயிற்சி ஒரு மணி நேரம் என்பது ஒன்றரையானது. பாட்டுக் குழுவில் இருந்த வங்காளிப் பெண் நான் கையை உதறுவதைப் பார்த்து, "ஏ, நாடக் மத் கர்! பெரிய ஹீரோயினி" என்றாள். நடிக்காதே என்று அர்த்தம். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

வீட்டில் அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "அம்மில துளி தேங்கா அரைன்னு சொன்னாத்தான் இவளுக்குக் கை வலிக்கும்னு நெனச்சேன். இப்ப அந்தப் பொட்டிக்குமா வலிக்கு?" என்றாள். ஆனால் பள்ளிச் சட்டைக்கு பட்டன் போட முடியவில்லை என்றதும் ஒன்றும் கேட்காமல் தினமும் அவளே போட்டுவிட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

அப்பா முறைப்படி விசாரித்தார்.

"ஏட்டி, கைய நீட்டு. வீக்கம் இல்ல. செவப்பு இல்ல. எங்க வலிக்கு?"

"உள்ளப்பா."

"உள்ளன்னா?"

"உள்ளதான்."

"காலைல பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வலிக்கா, வாசிக்க உக்காரும்போது வலிக்கா?"

"எல்லா நேரமும் வலிக்கு."

"எல்லா நேரமும் வலிக்குன்னா பயம்னு அர்த்தம்ட்டி. பெரிய சாஹேப் வாராருன்னு பயம்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. ஆதாரம் இல்லாத கோரிக்கையை ஏற்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று நம்பியவர், அவ்வளவுதான். ஆதாரம் தேடி என்னை ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனார். வங்காளி டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், "ஹட்டி பில்குல் டீக் ஹை" என்றார். எலும்பு முற்றிலும் சரி. சீட்டில் 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். அப்பா அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பையில் வைத்த விதத்திலிருந்து எனக்குத் தீர்ப்பு தெரிந்துவிட்டது. பியானோ அவர் பதிவேட்டின்படி நல்ல நிலையில் இருக்கிறது. கை டாக்டரின் சீட்டின்படி நல்ல நிலையில் இருக்கிறது. மிச்சம் இருப்பது நான்தான்.

மருந்து வாங்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களை அங்கே குடியமர்த்தியிருந்தார்கள். கைக்கு வைத்தியம் பார்க்க இரண்டு நாள் கப்பலில் வந்திருந்தாள். வலது முன்கையில் சேலைக் கிழிசலால் கட்டு.

"புள்ளைக்கு என்னங்கய்யா?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா. எலும்பு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு."

"எலும்பு நல்லாத்தாங்க இருக்கும். என் எலும்பும் நல்லாருக்குன்னாங்க. வெறும் டம்ளரத் தூக்க ஏலல." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். கட்டைவிரலால் முழங்கைக்குக் கீழே தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அமுக்கினாள். நான் துள்ளி எழுந்துவிட்டேன்.

"இங்கனதானே? காலையில வெரலு மடங்க மாட்டேங்குதா?"

"ஆமா."

"போத்தல் மூடி?"

"தொறக்க முடியல."

"சட்டப் பட்டனு?"

"அம்மா போட்டுவிடுதாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்குப் புதிய தகவல்.

"கள்ளம் இல்லீங்கய்யா இது" என்றாள் அந்த அம்மாள். "அங்க சிலோன்ல கொழுந்து எடுக்கையில இப்புடித்தான் என் அக்காவுக்குக் கை போச்சு. கங்காணி நம்பல. அரைப் பேருதான் போட்டான். அரை நாள் வேலைன்னு. என்ன வேல செய்யுது புள்ள?"

"வேலை இல்லம்மா, சங்கீதம். பியானோ. பெரிய பொட்டி மாதிரி இருக்கும், கட்டைய அமுக்குனா..."

"தெரியுங்க. தொரை பங்களாவுல தூசி தொடைக்கப் போவேன். துணி பட்டாலே கத்தும் அது. தொரைசாணி உள்ளாற இருந்து ஏசுவா." அவள் யோசித்தாள். "தொட்டாப் பாடுற சாமானுக்கு ஏன் கை போவுது? கத்தி மழுங்கியிருந்தாத்தான் எங்களுக்குக் கை போவும். நீங்க அமுக்கிப் பாத்தீங்களா?"

"நான் ஒவ்வொரு வருசமும் செக் பண்ணுதேன்மா."

"அமுக்கியா?"

அப்பா பையிலிருந்த சீட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்கும் எனக்கும் ஒரே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள், சிவப்பாகப் பெரிதாக, விட்டமின்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஹால் சாவியை வாங்கிக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். ஒன்பது வருடமாக அதை எண்ணி வந்தவர், அன்றைக்குத்தான் மூடியைத் திறந்தார். பேனா பிடிக்கிற விரலால் ஒரு கட்டையைத் தொட்டார். சத்தம் இல்லை. அமுக்கினார். இல்லை. தோளைக் கொடுத்து அமுக்கினார். சத்தம் வந்தது, கட்டை எழவில்லை. நான் சுண்டு விரல் நகத்தால் நெம்பிக் காட்டினேன்.

"எல்லாமே இப்படியா?"

"இல்லப்பா. பதினேழு மட்டும்."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"டீச்சர்ட்ட சொன்னேன். நல்ல வாத்தியம்தான், உங்க அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காருன்னாங்க."

அவர் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரம் வரை எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். தகரக் கூரையில் மழை தூறிக்கொண்டிருந்தது. முடித்தபோது வலது உள்ளங்கையை விரித்து விரித்து மூடினார்.

பின்னாளில் அதே பிரிவில் உட்கார்ந்தவள் என்ற முறையில் உங்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் மூன்று பத்திகள் உண்டு: நல்ல நிலை, பழுது பார்க்கத்தக்கது, பயன்படாதது. பயன்படாதது என்றால் ஏலம். பியானோவை ஏலத்தில் எடுப்பவன் அதன் பலகைக்காகத்தான் எடுப்பான். பழுது பார்க்கத்தக்கது என்றால், தீவில் ரிப்பேர் செய்ய ஆள் இல்லாததால், கப்பலேற்ற வேண்டும். மெயின்லேண்டுக்கு ரிப்பேருக்குப் போன சாமான்கள் எப்போது திரும்பும் என்று கேட்பவர்களைப் பார்த்துப் பொருள்பிரிவில் அனுதாபத்தோடு சிரிப்பார்கள். ஆக, ஒரு சாமானை அதே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இருக்கிற ஒரே பத்தி முதல் பத்தி. நான் வாசிக்கத் தொடங்கிய பிறகு அப்பா எனக்காகத்தான் முதல் பத்தியில் எழுதிக்கொண்டு வந்தார். அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் இருந்தால்தான் அப்படி எழுத முடியும் என்பதால் பார்க்கவும் இல்லை.

அந்த வாரம் அம்மாதான் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஒரு வரி மாத்தி எழுதுததுக்கு ஏன் இப்படி முழிக்கீங்க?"

"ஒரு வரி இல்ல. ஒம்பது வருசம்" என்றார் அப்பா. "மாத்துனா இவ்வளவு நாள் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேம்னு நானே எழுதிக் குடுக்க மாதிரி. அதோட பொட்டியும் போயிரும்."

"மாத்தலன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாற்றி எழுதிவிட்டார். பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, அடித்தது படிக்கும்படி விட்டு, இரண்டாம் பத்தியில் எழுதி, கையெழுத்தும் தேதியும். பியானோ மூடியில் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். என் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டார்கள். மூன்று மாதம் எழுதக்கூட வேண்டாம் என்று அப்பாவே பள்ளிக்குக் கடிதம் கொடுத்தார், டாக்டர் சீட்டு இல்லாமல். அவர் இணைப்பு இல்லாமல் கொடுத்த கடிதம் என் அறிவுக்கு எட்டியவரை அது ஒன்றுதான்.

நான் நன்றி சொன்னேன் என்று நினைத்தீர்களா? தாழிட்டுக்கொண்டு அழுதேன். கதவுக்கு வெளியே நின்ற அப்பாவிடம் கத்தினேன்: "வலிக்குன்னுதான் சொன்னேன்! வேண்டாம்னு சொன்னேனா?" இன்றைக்கும் அந்த வாக்கியத்தில் நான் திருத்த ஒன்றும் இல்லை. என்னை நம்புங்கள் என்று கேட்டேன். நம்பினார்கள், கூடவே பியானோவையும் எடுத்துக்கொண்டார்கள்.

குடியரசு தினத்தன்று வங்காளி ஆசிரியை ஒருவர் தன் வீட்டு ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து வாசித்தார். பாட்டு நன்றாகவே இருந்தது; எல்லோரும் சொன்னார்கள். நான் இரண்டாவது வரிசையில் தொட்டில் கட்டிக்கொண்டு நின்று வாயை மட்டும் அசைத்தேன். மியூசிக் டீச்சர் எங்கள் முன்னால் நின்று ஆரம்பிக்க இரண்டு கையையும் தூக்கியபோது முழுக்கை ரவிக்கை சற்று மேலேறியது. வலது மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிய துணி, பழுப்பேறிய பழைய துணி. அவர் பாட்டு முழுவதையும் இடது கையால்தான் நடத்தினார். மூன்று வருடத்தில் அவர் எனக்கு வலது கையால் ஒரு வரிகூட வாசித்துக் காட்டியதில்லை என்பது எனக்கு ஐம்பது வயதில், சம்பந்தமில்லாத ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. அவரிடம் யாரோ 'வலித்தால்தான் பலப்படும்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதை நம்பிக் காத்திருந்திருக்கிறார்.

மறு வருடம் பியானோ லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போனது. கப்பலில் ஏற்றியதற்கு ரசீது வந்தது. பியானோ வரவில்லை. சோழி எங்கே போனது என்று தெரியவில்லை. என் முன்கை பாதிக்கு மேல் சரியானது. மற்றதோடு நான் குடித்தனம் செய்யக் கற்றுக்கொண்டேன். அப்பாவும் நானும் அந்த விஷயத்தைப் பிறகு பேசியதே இல்லை. இதைச் செய்தவரும் செய்யப்பட்டவரும் ஒரே வீட்டில் முப்பது வருடம் அதைப் பேசாமல் இருக்க முடியும். உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது இருக்கும்.

முப்பது வருடம் கழித்து எங்கள் ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய கோப்புகளைப் பிரித்து, காலம் கடந்தவற்றை எரிக்கப் பட்டியல் போடும் பொறுப்பு என்னுடையது. ஒரு மத்தியானம், கரப்பான் எச்சம் அப்பிய மூட்டையிலிருந்து பியானோ கோப்பு வந்தது. பத்தியை மாற்றி எழுதியதற்காக அப்பாவிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு ஏன் தள்ளிப் போனது என்று அப்போதுதான் தெரிந்தது. காலியிடம் இல்லை என்று எங்களிடம் சொல்லியிருந்தார். மெமோவுக்குக் கீழே அவர் பதில், தட்டச்சில், ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி:

'கருவி ஒவ்வொரு வருடமும் எண்ணப்பட்டது; இயக்கிப் பார்க்கப்படவில்லை. அதை வாசிப்பவர் தனக்கு வலி இருப்பதாக உரிய காலத்தில் வாய்மொழியாகத் தெரிவித்தார். கீழே கையொப்பமிட்டவர் அதை ஏற்கவில்லை. வாசிப்பவரின் கைக்கு ஏற்பட்ட தீங்குக்குக் கீழே கையொப்பமிட்டவர் மட்டுமே பொறுப்பு. அதற்காக அவர் மிகவும் வருந்துகிறார்.'

வாசிப்பவர் யார் என்று எங்கும் எழுதவில்லை. ஓரத்தில் மேலதிகாரியின் பச்சை மை: 'பார்த்தேன். கோப்பில் சேர்க்க.'

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சூரை மீன் குழம்பு.

"பழைய ஃபைல் ஒண்ணு பாத்தேன்ப்பா. பியானோ ஃபைல்."

"அத இன்னுமா எரிக்கல? அஞ்சு வருசந்தானே வைக்கணும்."

"எரிக்கத்தான் எடுத்தேன். உங்க பதில் இருந்துச்சு."

அவர் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார், இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஆபீசர் என்ன எழுதியிருக்கான்?"

"பார்த்தேன், கோப்பில் சேர்க்க."

"அவ்வளவுதான் எழுதுவான்."

"நானும் கீழ ஒரு இனிஷியல் போட்டேன்ப்பா. பார்த்தேன்னு."

அவர் நிமிர்ந்தார். "தேதி போட்டியா?"

"போட்டேன்."

தலையை ஆட்டினார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். பேச்சில் நான் சாப்பிடுவதை மறந்து தட்டின் மேல் வைத்திருந்தேன். குழம்பு விரல்களில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு விரல்கள் வழக்கம்போலக் கொஞ்சம் தள்ளி நின்றன. முள் எடுத்து வைத்திருந்த தன் மீனில் பாதியைப் பிய்த்து என் சோற்றின் மேல் வைத்தார்.

"கை காயுது பாரு" என்றார். "சாப்பிடுட்டி."